மூன்று ஆண்டுக்கும் பத்து ஆண்டுக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

என் தோழியின் தங்கை மணமாகி நான்காம் ஆண்டில் தற்கொலை செய்துகொண்டாள். விசாரணை நீதிமன்றம் அவள் கணவனுக்கு, மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவின்கீழ் தண்டனை கொடுத்துவிட்டு, தற்கொலைக்குத் தூண்டிய குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டது. கொடுமை செய்தான் என்று ஏற்றபின் சாவுக்கு அவன் பொறுப்பில்லை என்பது முரண் அல்லவா? ஏழு ஆண்டுக்குள் இறந்தால் கணவன்தான் குற்றவாளி என்று சட்டமே சொல்கிறதே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சாட்சியச் சட்டத்தின் 113ஏ பிரிவு, மணமாகி ஏழு ஆண்டுக்குள் தற்கொலை நிகழ்ந்து, கொடுமையும் மெய்ப்பிக்கப்பட்டால், வழக்கின் பிற சூழல்களையும் பார்த்து, தூண்டுதல் இருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது. ‘அனுமானிக்கலாம்’ என்பதுதான் சொல். அனுமானித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் வரதட்சணை மரணத்துக்குரிய 113பி பிரிவில்தான் உண்டு. இப்பிரிவுகளெல்லாம் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்களில் வேறு எண்களோடு தொடர்கின்றன (498ஏ இப்போது 85, 86; தற்கொலைக்குத் தூண்டுவதற்கான 306 இப்போது 108); அதற்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் பழைய எண்களையே இங்கு சொல்கிறேன்.

தூண்டுதல் என்பதற்குத் தண்டனைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு மூன்று வழிகளைச் சொல்கிறது: ஏவுதல், சதியில் சேர்தல், வேண்டுமென்றே உதவுதல். சத்தீஸ்கர் வழக்கொன்றில், சண்டையின்போது கணவன் மனைவியிடம் ‘உன் விருப்பம்போல் செய், எங்கு வேண்டுமானாலும் போ’ என்று சொல்லியிருந்தான். அவள் தீவைத்துக்கொண்டு இறந்தாள். விளைவை எண்ணாமல் கோபத்தில் விழுந்த சொல் ஏவுதல் ஆகாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் 306-லிருந்து அவனை விடுவித்தது. 498ஏ தண்டனையை மட்டும் நிலைநிறுத்தியது. உங்கள் வழக்கில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் எதிர்த்திசையிலும் தீர்ப்பு உண்டு. ஆந்திரக் கிராமமொன்றில் தந்தை தன் மகளுக்கு நிலம் கொடுத்திருந்தார், நம்மூரில் மஞ்சள்காணி என்போமே, அதுபோல. அதைத் தன் பெயருக்கு எழுதிக் கேட்ட கணவன் அஞ்சல் ஊழியன். மனைவிக்கு வந்த கடிதங்களை அவளுக்குக் கொடுக்காமல் மறைத்துவைத்தான். அவள் அவற்றைக் கண்டெடுத்துத் தன் தந்தையிடம் சேர்த்ததும், கணவன் வீட்டார் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றி, கடிதங்களைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் வாசலில் இடம் என்றார்கள். அவள் நஞ்சருந்தினாள். நிலக் கோரிக்கை வரதட்சணை ஆகாது என்று அந்தக் குற்றச்சாட்டை ஏற்காத உச்ச நீதிமன்றம், 306 தனிக் குற்றச்சாட்டாக வனையப்படாத நிலையிலும், 2002-இல் அப்பிரிவின்கீழ் கணவனைத் தண்டித்தது. கொடுமையும் சாவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்ததே அங்கு வேறுபாடு. முதல் வழக்கில் இருந்தது ஒரு சொல், இரண்டாவதில் திட்டமிட்ட நெருக்கடி.

இருந்தும் உங்கள் மனக்குறையில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். பெண்ணைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய நடத்தையும் கொடுமைதான் என்று 498ஏ பிரிவின் விளக்கமே கூறுகிறது. ஆனால் அதற்கான உச்சத் தண்டனை மூன்று ஆண்டு. 306-க்குப் பத்து ஆண்டு. இடையில் ஒரு படிகூட இல்லாததால், நாள்தோறும் சிறுகச் சிறுகத் தேய்த்த கொடுமையை நீதிபதி ஒன்று ஏவுதலாக்கிப் பெரிதாக்க வேண்டும், இல்லையேல் மூன்றாண்டுக்குள் அடக்க வேண்டும். கொடுமையின் விளைவாக மரணம் நேர்ந்தால் 498ஏ பிரிவிலேயே கூடுதல் தண்டனை என்று திருத்தியிருக்கலாம். புதிய சட்டம் எழுதியவர்கள் எண்ணை மாற்றியதோடு நின்றுவிட்டார்கள். ஏவுதலின் பொருளை நெகிழ்த்துவதை நான் விரும்பவில்லை, ஏனெனில் அது கணவர்களை மட்டுமல்ல, கடன்கொடுத்தவரையும் மேலதிகாரியையும் ஆசிரியரையும் பிடிக்கும் பிரிவு.

விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவர் தரப்பே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 முதல் இருக்கிறது. இறந்தவரின் சட்டப்படியான வாரிசுகளும் இதில் அடங்குவர். அங்கு பெரும்பாலும் விசாரணையில் பதிவான சாட்சியத்தைக் கொண்டே வாதிட வேண்டியிருக்கும். ஆகவே கடைசி சில நாட்களில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் குறுக்கு விசாரணையில் சொன்னதை, உங்கள் தோழியின் வழக்கறிஞர் முதலில் எடுத்துப் படிக்கட்டும்.