கியர் பாக்ஸைப் பிரிக்கும் முன் விலை பேசாதீர்கள்
வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏற்காடு நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் ஓடும் 2014 மாடல் பொலேரோ, சொந்தப் பயன்பாட்டு வண்டி. 2,80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று மாதமாகக் கியர் பாக்ஸில் ஊளைச் சத்தம். நான்காவது கியரில் மட்டும் சத்தம் அடங்கும். போன வாரம் ஏற்றத்தில் மூன்றாவது கியர் தானாக நழுவியது, இப்போது அது விழுவதே இல்லை. சேலத்தில் விசாரித்ததில் பிரித்து வேலை பார்க்க 28,000, காயலான் கடை பாக்ஸ் மாட்ட 35,000, புதுப் பாக்ஸ் என்றால் லட்சத்தை ஒட்டும் என்கிறார்கள். இப்படியே விற்றுவிடலாமா?

பதில்: மூன்றில் அந்த 28,000 விலையே அல்ல, வெறும் ஊகம். பாக்ஸைப் பிரிக்காமல் அதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. இந்த வகை ஐந்து கியர் பாக்ஸில் பெரும்பாலும் நான்காவதுதான் நேர் கியர். இன்ஜின் பக்கத்து டாப் ஷாப்டின் சுழற்சி நேராகச் சக்கரப் பக்கத்து மெயின் ஷாப்டுக்குப் போய்விடும், மற்ற கியர்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் லே ஷாப்டின் மேல் பாரம் விழாது. மற்ற கியர்களில் ஊளையிட்டு நான்கில் அடங்கினால் லே ஷாப்ட் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பேரிங் தேய்ந்தால் ஷாப்ட் விலகும், பற்கள் முழு அகலத்துக்குக் கடிக்காது, பாரம் ஏறியதும் கியர் நழுவும்.

பாக்ஸை இறக்கும் முன் ஒரு சோதனை. இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போது மூன்றும் சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் மற்ற கியர்களும் சேர்ந்து முரண்டு பிடித்தால் கோளாறு, மிதியின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ இருக்கலாம். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய அந்த வேலைக்குப் பாக்ஸையே இறக்கிவிடுவது பட்டறைகளில் நடக்காத கதையல்ல.

அடுத்தது இன்ஜின். சூடான நிலையில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, ஏற்றத்தில் நீலப்புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் கியர் பாக்ஸில் ஒரு ரூபாய்கூடப் போடாமல் இருக்கிற நிலையில் விற்றுவிடுங்கள். பாக்ஸைத் தாங்கியிருக்கும் குறுக்குச் சட்டத்தில் துரு தின்றிருந்தாலும் அப்படியே. பனியில் நிற்கும் தோட்ட வண்டிகளில் இதைத் தட்டிப் பார்க்காமல் விடக்கூடாது. இன்ஜின் நன்றாக இருந்தால் விற்க அவசரம் வேண்டாம். 15 ஆண்டு ஆர்.சி. 2029 வரை இருக்கிறது.

வண்டியைச் சேலத்துக்குக் கொண்டுவருவதில்தான் பலர் இரண்டாவது முறை நஷ்டப்படுகிறார்கள். கயிறு கட்டி நியூட்ரலில் இழுத்தால் பின்சக்கரம் மெயின் ஷாப்டைச் சுழற்றும். இன்ஜின் ஓடாததால் லே ஷாப்ட் நின்றுவிடும், ஆயிலை மேலே வாரியடிக்க ஆள் இல்லை. மிச்சமிருக்கிற நல்ல பேரிங்கும் உலர்ந்து கருகும். அதோடு இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி இறங்குவது உயிரோடு விளையாட்டு. முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி லாரியே சரி.

பட்டறையில் ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டச் சொல்லுங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது சாதாரணம். பொன்னிறத் தூள் வந்தால், கியர் விழும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை வளையமான சிங்க்ரோ ரிங் தேய்மானம். மினுங்கும் செதில் வந்தால் பேரிங் அல்லது பல். பிரித்ததும் நீங்களே நின்று பார்க்க வேண்டியது பாக்ஸின் வெளிக்கூடான கேசிங்கில் பேரிங் உட்காரும் இடம். பேரிங்கின் வெளி வளையம் அங்கேயே சுழன்று அலுமினியத்தைத் தின்றிருந்தால் அந்தக் கேசிங் கதை முடிந்தது. பஞ்ச் அடித்து இறுக்குவது, தகடு சொருகுவது எல்லாம் மலையில் சில மாதம்கூடத் தாங்காது.

கேசிங் நன்றாக இருந்து, பற்களில் குழி விழாமல் இருந்தால் உங்கள் பாக்ஸையே சரிசெய்வதுதான் என் தேர்வு. எல்லாப் பேரிங், எல்லாச் சிங்க்ரோ ரிங், சீல்கள், மூன்றாவது கியரின் பல் நிலையைப் பார்த்து அந்தக் கியரும் அதைப் பூட்டும் ஸ்லீவும் மாற்ற வேண்டும். போன பேரிங்கை மட்டும் மாற்றுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். செதில் எல்லாப் பேரிங்குக்குள்ளும் போயிருக்கும். லே ஷாப்ட், மெயின் ஷாப்ட் இரண்டுமே மாற்ற வேண்டி வந்தால் உதிரிபாக விலை பழைய பாக்ஸைத் தாண்டிவிடும், அப்போது காயலான் கடைக்குப் போகலாம்.

அங்கே பாக்ஸ் மட்டும் தனியாக என்ன விலை, மாட்டுக்கூலி என்ன என்று பிரித்துக் கேளுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வருடத்துக்கு வருடம் மாறும் விஷயங்கள் உண்டு: டாப் ஷாப்டின் வரிப்பற்கள் (கிளட்ச் பிளேட் கோக்கும் இடம்), இன்ஜினோடு பாக்ஸை இணைக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள், பாக்ஸின் நீளம், ஸ்பீடோமீட்டர் கேபிளா சென்சாரா என்பது. உங்கள் கிளட்ச் பிளேட்டை எடுத்துப் போய் அந்த ஷாப்டில் மாட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. டாப் ஷாப்டை மேலும் கீழும் ஆட்டுங்கள், ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றுங்கள். மேல் மூடி கழற்ற முடிந்தால் பற்களைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். கழுவிப் பளபளவென்று வைத்திருக்கும் பாக்ஸைவிட அழுக்கோடு உள்ளே ஆயில் மிச்சமிருக்கும் பாக்ஸ்தான் எனக்குப் பிடிக்கும்; அந்த ஆயில் பொய் சொல்லாது. ரசீது கட்டாயம்.

புதுப் பாக்ஸ்? சமீபத்தில் இன்ஜின் வேலை முடித்து, இன்னும் ஐந்து வருடம் இதே வண்டிதான் என்றால் மட்டும்.

எந்தப் பாக்ஸ் ஏறினாலும் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் ஷாப்டின் பின்பக்க ஆயில் சீல், பாக்ஸ் மவுன்ட் ரப்பர் இவற்றை அப்போதே பாருங்கள். கூலி ஒன்றுதான். பாக்ஸை நேராக உட்கார வைக்கும் பெல் ஹவுசிங்கின் நிலைப்பின்கள் காணாமல் போயிருந்தால் பாக்ஸ் இம்மியளவு கோணி உட்கார்ந்து புதுப் பேரிங்கையும் தின்னும். ஏற்றும்போது பாக்ஸின் எடையைக் கிளட்ச் பிளேட்டில் தொங்கவிட்டால் பிளேட் வளையும். கடைசி அரை அங்குலத்தைப் போல்ட் முறுக்கி இழுப்பதும் அதே தப்பு.

ஆயிலில் கவனம். கியர் ஆயிலில் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்று தரங்கள் உண்டு. பின் அச்சின் டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.-5 சரி. பித்தளைச் சிங்க்ரோ இருக்கும் பாக்ஸுக்கு வண்டிக் கையேடு ஜி.எல்.-4 கேட்டால் அதையே ஊற்றுங்கள். ஒரே டின்னில் இரண்டையும் முடிப்பது பட்டறை வழக்கம், கூடவே நின்று பாருங்கள். நிரப்பு துளை விளிம்பு வழியும்வரை சமதரையில் ஊற்ற வேண்டும் (ஏற்காட்டில் சமதரை தேடுவதும் ஒரு வேலைதான்). அளவு குறைந்தால் நீண்ட ஏற்றத்தில் ஆயில் பின்னால் ஒதுங்கி முன்பேரிங் காயும். முதல் 1,000 கி.மீ. முடிந்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பாக்ஸ் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டுமா? – கோரிமேடு வாசகர்

பதில்: வேண்டாம். ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் உண்டு, கியர் பாக்ஸுக்கு எண் கிடையாது. இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. வேலை உண்டு.

கேள்வி: ஏ.எம்.டி. (கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றும்) கார், 1,40,000 கி.மீ. அஸ்தம்பட்டி சிக்னலில் நின்றால் சில நேரம் நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போகாமல் விளக்கு மின்னுகிறது. பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: சம்மதிக்காதீர்கள். ஏ.எம்.டி.க்குள் இருப்பது சாதாரணக் கியர் பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் கைக்குப் பதிலாக இயக்கும் ஆக்சுவேட்டர் என்ற கருவி கூடுதல். பற்கள் உடைந்தால் சத்தம் வரும், சில நேரம் மட்டும் அடம்பிடிக்காது. ஸ்கேனரில் பிழைக்குறியீட்டை எழுதி வாங்குங்கள். பிறகு பேட்டரி வோல்டேஜ், பிரேக் சுவிட்ச் (பிரேக் விளக்கு ஒவ்வொரு மிதிக்கும் எரிகிறதா?), ஹைட்ராலிக் வகை என்றால் ஆக்சுவேட்டர் ஆயில் அளவு, கடைசியாகக் கிளட்ச் தேய்மானம் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச் மாற்றினால் அது பிடிக்கும் இடத்தை ஸ்கேனர் வைத்து வண்டியின் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும்; அதை விட்டுவிட்டால் புதுக் கிளட்சும் உதறும். மலைப்பாதையில் ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்காமல் ஹேண்ட் பிரேக் போடுங்கள்.