கேள்வி – பதில்: துருவத்தில் விலங்கியல் களப்பணி

ஆர்க்டிக் ஆய்வு நிலையங்களில் பறவை, விலங்கு ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இங்கே. பெரும்பாலானவை நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், 78°55' வடக்கில் இருக்கும் நி-ஓலெசுண்டைப் பற்றியவை. 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் இயங்குவதும் அங்கேதான். பதில்களும் அந்த ஊர் விதிகளை ஒட்டியே.

கே: ஆய்வுத் திட்டம் தயார். கிளம்புவதற்கு முன் என்னென்ன அனுமதி வாங்க வேண்டும்?

ப: முதலில் 'ரிசர்ச் இன் ஸ்வால்பார்ட்' தரவுத்தளத்தில் திட்டத்தைப் பதிவு செய்யுங்கள். விலங்கைப் பிடிக்க, மாதிரி எடுக்க, களத்தில் கருவி நிறுவ ஸ்வால்பார்ட் ஆளுநர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். உயிருள்ள விலங்கைக் கையாளும் ஆய்வு என்றால் நார்வே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விலங்குச் சோதனை அனுமதி தனி. ஒன்று கிடைத்துவிட்டதால் மற்றது தானாக வந்துவிடாது. இரண்டும் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

கே: அங்கே வைஃபை கூடாதாமே, உண்மையா?

ப: உண்மைதான். ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டர் வட்டம் ரேடியோ அமைதிப் பகுதி. 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரை எதையும் தனி அனுமதியில்லாமல் ஒலிபரப்பக் கூடாது. பூமியின் சுழற்சியையும் கண்டத் தட்டுகளின் நகர்வையும் அளக்க, வெகு தொலைவிலுள்ள குவாசர்களின் (மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்களின்) மிக மெல்லிய சமிக்ஞையைக் கேட்கும் ஆன்டெனாக்கள் அங்கே இருப்பதுதான் காரணம். கேபிள் வழி இணையம் உண்டு. கைப்பேசி ஏரோபிளேன் மோடிலேயே கிடக்கும்.

வம்பு கைப்பேசியால் வருவதைவிட மற்றவற்றால்தான் வரும். கைக்கடிகாரம், ஆக்‌ஷன் கேமரா, தரவை ப்ளூடூத்தில் அனுப்பும் டிஜிட்டல் கேலிப்பர் (நீளம், தடிமன் அளக்கும் கருவி) எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ். பறவைக்குக் கட்டும் ஜிபிஎஸ் கருவிகள் சிலவும் அப்படித்தான். ஆர்டர் கொடுக்கும்போதே எந்த அலைவரிசையில் தரவை இறக்குகிறது என்று கேட்டு, குறைந்த அலைவரிசைக் கருவியாக வாங்குங்கள். பறவையின் முதுகில் ஏற்றிவிட்ட பிறகு அதை அணைக்க முடியாது.

கே: பனிக்கரடிக்காகத் துப்பாக்கி தூக்க வேண்டுமா? விலங்கு ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு இது முரணாக இல்லையா?

ப: குடியிருப்புக்கு வெளியே போகிறவரிடம் கரடியை விரட்டும் சாதனம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் துப்பாக்கியும் வைத்துக்கொள்ளும்படி ஆளுநர் அலுவலகம் பரிந்துரைக்கிறது. பயிற்சி எடுக்காமல் அதைத் தொடாதீர்கள். வழக்கமாக எடுத்துப் போவது .308 அல்லது .30-06 ரைஃபிள். மேகசினில் தோட்டா இருக்கும், சுடுவதற்குத் தோட்டா ஏறும் சேம்பர் காலியாக இருக்கும். திரும்பி வந்ததும் ரைஃபிளை நேரே சூடான அறைக்குள் கொண்டு போகக் கூடாது. உலோகத்தில் நீர் கோத்துக்கொள்ளும். மறுநாள் வெளியே எடுத்ததும் அது உறைந்து, தோட்டாவை ஏற்றும் போல்ட் அசையாது. குளிரான முன்கூடத்தில் வைப்பதே சரி.

உண்மையில் உயிரைக் காப்பது கண்காணிப்புதான். நாலு பேர் குனிந்து பறவையின் காலில் அடையாள வளையம் போட்டுக்கொண்டிருந்தால் நாலு பேருமே நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அதனால் ஒருவருக்கு வேறு வேலையே தரக் கூடாது. பைனாகுலரோடு சுற்றிலும் பார்ப்பதுதான் அவர் பணி. கரடி தெரிந்தால் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுப் பின்வாங்குங்கள். 2025 முதல் குறைந்தபட்ச இடைவெளி 300 மீட்டர். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். பின்வாங்கியும் நெருங்கி வந்தால் சிக்னல் பிஸ்டல், அதாவது சத்தவெடி சுடும் கைத்துப்பாக்கி. வெடி உங்களுக்கும் கரடிக்கும் நடுவில் வெடிக்க வேண்டும். தலைக்கு மேலே பறந்து அதன் முதுகுப் பக்கம் வெடித்தால், சத்தத்துக்கு மிரண்டு உங்களை நோக்கியே ஓடி வரும். பதற்றத்தில் நடக்கும் தவறு இதுதான். சுடுவது கடைசி வழி; சுட்டால் ஆளுநர் அலுவலகம் விசாரிக்கும்.

ஊருக்குள் கதவுகளைப் பூட்டுவதில்லை. கரடி வந்தால் அருகில் எந்தக் கட்டடம் இருக்கிறதோ அதற்குள் புகுந்துகொள்ளலாம்.

கே: நரி வளைக்கு எதிரே தானியங்கி கேமரா வைக்க எந்தத் திசை நல்லது?

ப: சூரியன் நேரே விழாமலிருக்க வடக்குப் பார்த்து வையுங்கள் என்று வழிகாட்டி நூல்கள் சொல்லும். இங்கே அது எடுபடாது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவில் அது வடக்கே தாழ்வாக நிற்கும். நரி சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் லென்ஸுக்குள் வெயில் அடிக்கும், சூடேறிய கல்லும் ஆடும் புல்லும் சென்சாரைக் கிளப்பிவிட்டு, மெமரி கார்டு முழுக்க வெறும் படமாக நிரம்பும். பின்னால் மேடோ பாறையோ மறைவாக இருக்கும் கோணத்தைத் தேடுங்கள். அதோடு ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று நேர இடைவெளி முறையையும் சேர்த்து ஓடவிடுங்கள். கேமராவின் கடிகாரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வையுங்கள். பகல்–இரவு வித்தியாசமே இல்லாத படங்களில் 12 மணி நேரப் பிழை நுழைந்தால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

கம்பம் நடுவது இன்னொரு தலைவலி. ஜூன் தொடக்கத்தில் மேல்மண் கொஞ்சம்தான் இளகியிருக்கும், அடியில் நிரந்தர உறைமண். அடித்து இறக்கிய கம்பம் ஜூலையில் மண் இளகியதும் சாயும். சட்டகத்தில் வளை இருந்த இடத்தில் வானம் இருக்கும். முக்காலியின் கால்களில் கற்களைக் குவிப்பதே மேல். வாரையும் வயரையும் நரி கடிக்கும், வெளியே தொங்கவிடாதீர்கள்.

பேட்டரிக்கு லித்தியம் ஏஏ போடுங்கள், அது –40 டிகிரி வரை தாங்கும். ஆல்கலைனில் உள்ள மின்பகுளி நீர்க்கரைசல் என்பதால் குளிரில் சீக்கிரம் துவண்டுவிடும். ரீசார்ஜ் செய்யும் லித்தியம்-அயனை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது. உள்ளே உலோக லித்தியம் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

கே: காட்டு வாத்துகளை வலையே வீசாமல் ஓட்டிப் பிடிக்கிறார்களாமே?

ப: பர்னக்கிள் வாத்துகள் கோடையில் சிறகிறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிட்டு, மூன்று நான்கு வாரம் பறக்க முடியாமல் இருக்கும். குஞ்சுகளும் அப்போது பறக்காது. ஜூலை இறுதி, ஆகஸ்ட் தொடக்கம்தான் அந்த வாய்ப்பு. கரையில் வலையால் ஒரு பட்டி கட்டி, இரு பக்கமும் கை விரித்தாற்போல் நீண்ட வலைச்சுவர் நிறுத்தி, ஆட்கள் மெதுவாக நடந்து கூட்டத்தை உள்ளே ஒதுக்குவார்கள். ஓடினால் கூட்டம் சிதறும்.

பட்டிக்குள் வந்ததும் முதல் வேலை குஞ்சுகளைத் தனியே பிரிப்பது. இல்லாவிட்டால் பெரியவை மிதித்துவிடும். பிறகு ஒரு காலில் உலோக வளையம், மறுகாலில் எழுத்துக் குறியிட்ட பிளாஸ்டிக் வளையம். குளிர்காலத்தில் இந்த வாத்துகள் பிரிட்டனின் சால்வே கழிமுகத்துக்குப் போகும்போது அந்தக் குறியைத் தொலைநோக்கியில் படிக்கலாம். உலோக வளையத்தின் இரு முனையும் இடைவெளியின்றிச் சேர வேண்டும். இடுக்கு இருந்தால் புல்லும் நூலும் சிக்கிக் காலை அறுக்கும். கணுக்கால் எலும்பைக் கேலிப்பரால் 0.1 மி.மீ. துல்லியத்தில் அளந்து, பையில் போட்டுத் தராசில் எடை.

குளிர்ப் பிரதேசம்தானே என்று அலட்சியம் வேண்டாம். நெருக்கியடித்து நிற்கும் வாத்துக்குச் சூடேறும். அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே இடம் விட்டுக் கொடுங்கள். மழையில் இந்த வேலையே கூடாது, நனைந்த குஞ்சு குளிரில் செத்துப்போகும். முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக, தண்ணீரை நோக்கி விடுங்கள். தனித்தனியாக விட்டால் குஞ்சு தாயைத் தவறவிடும்; பக்கத்தில் காத்திருக்கும் நரிக்கும் பெரிய கடற்காகத்துக்கும் அதுதான் வசதி.

கே: நரிக்குட்டிகள் பயமில்லாமல் கிட்டே வருமாம். தொடலாமா?

ப: கூடாது. ஸ்வால்பார்ட் நரிகளில் வெறிநோய் உண்டு. பழகினாற்போல் வரும் நரியைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். செத்துக் கிடந்தாலும் வெறுங்கையால் தொடாதீர்கள். நரியோடு வேலை என்றால் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

கே: ஆர்க்டிக் ஆலாக்கள் தலையில் கொத்துமா?

ப: கொத்தும், ரத்தமும் வரும். குச்சியைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். மிக உயரமான புள்ளியைத்தான் அது தாக்கும். வீசி அடிக்காதீர்கள். கூடுகள் வெறும் சரளையில் இருப்பதால் மேலே பார்த்துக்கொண்டு நடந்தால் முட்டையை மிதிப்பீர்கள். சீக்கிரம் அந்த இடத்தை விட்டு விலகுவதுதான் சரி.

கே: கிட்டிவேக் என்ற கடற்பறவையின் காலில் ஒளி பதிவி கட்டினால் ஆண்டு முழுவதும் இருப்பிடம் தெரியுமா?

ப: முழுவதும் தெரியாது. சூரியன் உதிக்கும், மறையும் நேரத்தை வைத்தே அக்கருவி இடத்தைக் கணிக்கிறது. நள்ளிரவுச் சூரியக் காலத்தில் உதயமும் இல்லை, அஸ்தமனமும் இல்லை, இடமும் இல்லை. துருவ இரவிலும் இதே கதை. மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களை ஒட்டி எங்கும் ஒரே பகல் நீளம் என்பதால் அட்சரேகை கிடைக்காது. மற்ற நாட்களிலும் 200 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை இருக்கும். எந்தக் கடலில் குளிர்காலத்தைக் கழித்தது என்ற கேள்விக்கு அது போதும், எந்தப் பாறையில் இரை தேடியது என்பதற்கு ஜிபிஎஸ் வேண்டும். கருவியின் எடை பறவையின் உடல் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரவு வேண்டுமானால் அதே பறவையை அடுத்த ஆண்டு மறுபடி பிடிக்க வேண்டும் என்பதால், கருவி கட்டும்போதே கூட்டின் இடத்தைப் புகைப்படத்தில் குறித்து வையுங்கள்.