நம்மவரா, வெளியாரா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: சமயத் தலைவர் எந்த நாட்டுக்காரர் என்பது அரசியலை மாற்றுமா? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதற்கே முழு இடத்தையும் கொடுத்துவிட்டேன்.

கே: போப் இரண்டாம் ஜான் பால் போலந்துக்காரராக இருந்ததால்தான் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தது என்கிறார்களே, உண்மையா? அவர் தேர்வானபோது நீங்கள் செய்தித்தாளில் வேலை பார்த்தீர்கள் அல்லவா?
– வாசகி, திருச்சி

ப: ஆமாம் அம்மா, அன்று இரவுப் பணியில் இருந்தேன். 1978 அக்டோபர் 16. நம் நேரப்படி இரவு பதினோரு மணி வாக்கில் டெலிபிரிண்டர் மணி விடாமல் அடித்தது. முந்தைய போப் பதவியேற்று 33 நாளிலேயே இறந்துபோனதால், இரண்டு மாதத்துக்குள் இரண்டாவது தேர்தல். தாளைக் கிழித்துப் பார்த்தால் இத்தாலியப் பெயராக இல்லை. கரோல் வோய்த்திவா என்று இன்று எழுதுகிறோம். அன்று ரோமன் எழுத்துகளைப் பார்த்து 'வோஜ்டிலா' என்று எழுதிக் கொடுத்தேன், அப்படியே அச்சானது. 455 ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியர் அல்லாத ஒருவர் வந்திருந்தார்.

மறுநாள் அவருடைய முதல் பேச்சை மொழிபெயர்த்தேன். கீழே சதுக்கம் நிறைய ரோமாபுரி மக்கள். மாடத்தில் நின்று, 'உங்கள்' மொழியில், என்று தொடங்கியவர் அந்த இடத்திலேயே திருத்திக்கொண்டு, 'நம்' இத்தாலிய மொழியில் சரியாகப் பேச வருமோ தெரியவில்லை, தவறினால் திருத்துங்கள் என்றார். ஆங்கிலத்தில் வந்த செய்தியில் 'நம்', 'எங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். நான் 'எங்கள்' என்று எழுதியிருந்தேன். தலைமை உதவியாசிரியர் சிவப்பு மையால் அதை அடித்து 'நம்' என்று போட்டார். "கூட்டத்தையும் சேர்த்துக்கிட்டுப் பேசுறாருய்யா" என்றார். நாற்பத்தேழு வருஷம் ஆகியும் அந்தத் திருத்தத்தை நான் மறக்கவில்லை. இன்று நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கும் கேள்வியே அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

இனி போலந்துக்கு வருகிறேன். 1966-ல் அந்த நாடு கிறிஸ்தவம் ஏற்று ஆயிரம் ஆண்டு நிறைந்தது. அந்த விழாவுக்கு அப்போதைய போப் ஆறாம் பவுல் வர விரும்பினார். அவர் இத்தாலியர். வார்சாவிலிருந்த கம்யூனிஸ்ட் அரசு அனுமதி மறுத்தது, பெரிய கொந்தளிப்பு எதுவும் இல்லை. 1979-ல் கேட்டவர் அந்த ஊர்ப் பிள்ளை. பிறந்த மண்ணுக்கு வருகிறேன் என்பவருக்குக் கதவை அடைத்துவிட்டு எந்த அரசு தன் மக்கள் முகத்தில் விழிக்கும்? அனுமதி கொடுத்தார்கள். அவருடைய தேசம் செய்த முதல் அரசியல் வேலை இதுதான் என்பேன்.

ஜூன் 2 முதல் 10 வரை ஒன்பது நாள். அரசுத் தொலைக்காட்சி கூட்டத்தைக் காட்டாமல் மேடையையும், கன்னியாஸ்திரிகளையும், முதியவர்களையும் மட்டுமே காட்டியது. ஆனால் நேரில் போனவர்கள் லட்சக்கணக்கில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வார்சாவின் வெற்றிச் சதுக்கத்தில் பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு வரியைச் சொல்லி ஜெபித்தார்: உம் ஆவி இறங்கி வரட்டும், பூமியின் முகத்தைப் புதுப்பிக்கட்டும். கொஞ்சம் நிறுத்தி, 'இந்த மண்ணின் முகத்தை' என்று சேர்த்தார். போலிஷ் மொழியில் பூமிக்கும் மண்ணுக்கும் நாட்டுக்கும் 'ஜெம்யா' என்ற ஒரே சொல்தான். ஒரு அந்நியர் அந்த வரியைப் படித்திருந்தால் அது வேதவசனமாக மட்டும் போயிருக்கும். தாய்மொழிக்காரர் சொன்னதும், பேசுவது நம் நாட்டைப் பற்றித்தான் என்று கேட்டவர்களுக்கு விளங்கிவிட்டது.

அதற்காக அவரால்தான் ஆட்சி விழுந்தது என்று நான் எழுத மாட்டேன். 1980 கோடையில் இறைச்சி விலை ஏறியது. கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் அன்னா வாலென்டினோவிச் என்ற கிரேன் ஓட்டும் பெண்மணியை, ஓய்வு பெறச் சில மாதங்களே இருக்கும்போது வேலையிலிருந்து நீக்கினார்கள். வேலைநிறுத்தம் அங்கிருந்துதான் வெடித்தது. பட்டினியையும் அவமானத்தையும் தாங்கிய தொழிலாளர்களின் போராட்டம் அது. ஆனால் தளத்தின் வாயிற்கதவில் அவர்கள் மாட்டிய படம் போப்புடையது. ஆகஸ்ட் 31-ல் தொழிலாளர் தலைவர் லேக் வலென்சா அரசோடு செய்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பெரிய பேனாவிலும் அவர் படம். அதற்குப் பிறகு ராணுவச் சட்டம், சிறை எல்லாம் பார்த்துத்தான் கம்யூனிஸ்டுகள் தோற்ற 1989 தேர்தல் வந்தது.

கே: இப்போது போப் பதினான்காம் லியோ அமெரிக்கர். அவர் அமெரிக்க அரசுக்குச் சாதகமாக இருக்க மாட்டாரா?
– வாசகர், தூத்துக்குடி

ப: இந்தச் சந்தேகத்தால்தான் அமெரிக்கர் ஒருவர் போப் ஆகவே முடியாது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஏற்கெனவே வல்லரசு, அதற்கு இதையும் கொடுப்பதா என்ற தயக்கம். 1960-ல் அந்த நாட்டிலேயே இதற்கு நேர்மாறான பயம் இருந்தது. கத்தோலிக்கரான கென்னடி ஜனாதிபதியானால் ரோமாபுரி சொல்கிறபடி ஆடுவார் என்றார்கள். ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் கூடிய கூட்டத்துக்கே போய், நான் கத்தோலிக்க வேட்பாளர் அல்ல என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

லியோ 1955-ல் சிகாகோவில் பிறந்தவர். ஆனால் ஊழியக் காலத்தில் ஏறக்குறைய பாதி பெரு நாட்டில். 2015-ல் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்று, சிக்லாயோ என்ற வடபகுதி மறைமாவட்டத்துக்கு ஆயரானார். 2025 மே 8 அன்று மாடத்தில் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே இருந்தவர், இடையில் ஸ்பானிஷுக்கு மாறி அந்தச் சிக்லாயோ மக்களைப் பெயர் சொல்லி வாழ்த்தினார். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. உலகமே அமெரிக்கர், அமெரிக்கர் என்று கூவிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் அதை யோசிக்காமல் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

என் கணிப்பு உங்கள் சந்தேகத்துக்கு எதிரானது. 2016-ல் போப் பிரான்சிஸ், சுவர் கட்டுவதை மட்டுமே நினைப்பவர் கிறிஸ்தவர் அல்ல என்றபோது டிரம்ப் என்ன பதில் சொன்னார்? போப் ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுப் பேசுகிறார் என்றார். வெளிநாட்டுக்காரரைப் பார்த்து அப்படிச் சொல்வது சுலபம். 2025 செப்டம்பரில் லியோ, கருக்கலைப்பை எதிர்த்துக்கொண்டே குடியேறிகளை மனிதத்தன்மையற்று நடத்துவதை ஆதரித்தால் அது உயிரை மதிப்பதாகுமா என்று கேட்டார். சிகாகோவில் பிறந்து வளர்ந்தவரைப் பார்த்து உனக்கு எங்கள் ஊர் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அரசை ஆதரிப்பதற்கு அல்ல, இடித்துரைப்பதற்குத்தான் அந்தப் பிறப்பிடம் அவருக்கு அதிகம் உதவும்.

கே: ஒரு நாட்டு மக்கள் வேறு நாட்டில் பிறந்தவரைச் சமயத் தலைவராக ஏற்றுக்கொண்டு, அரசியலிலும் அவர் சொல்லைக் கேட்பார்களா?
– வாசகர், கீழக்கரை

ப: கேட்பார்கள் ஐயா. ஈராக்கில் இன்றைக்கும் கேட்கிறார்கள். என் பத்திரிகை வாழ்க்கையில் பார்த்தவற்றிலேயே வியப்பான விஷயம் இது.

நஜஃப் நகரில், இமாம் அலி அவர்களின் அடக்கத்தலத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வாடகை வீடு. அங்கே இருப்பவர் ஷியா முஸ்லிம்களின் மூத்த மார்க்கத் தலைவர் ஆயத்துல்லா அலி சிஸ்தானி. 1930-ல் ஈரானின் மஷ்ஹத் நகரில் பிறந்தவர். 1951-ல் மார்க்கக் கல்விக்காக நஜஃப் வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய அரபியில் பாரசீக வாடை உண்டு. குடியுரிமை ஈரானுடையது. ஈரானோடு எட்டு ஆண்டு போர் நடத்திய சதாம் உசேன் காலத்தில், ஈரானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்தைச் சொல்லிப் பல்லாயிரம் குடும்பங்களை லாரிகளில் ஏற்றி எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். அந்தக் காலத்தையும் அவர் நஜஃபிலேயே கடந்தார்.

2003-ல் சதாம் வீழ்ந்தபின் ஈராக்கை நிர்வகித்தது அமெரிக்கா. அதன் தலைமை நிர்வாகி பிரெமர், அரசியல் சட்டத்தை நியமன உறுப்பினர்களைக் கொண்டு எழுதிவிடத் திட்டமிட்டார். ஜூன் மாதத்தில் சிஸ்தானி ஒரு ஃபத்வா கொடுத்தார், ஒரு பக்கம்கூட வராது. அப்படி நியமிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை, வாக்குரிமை உள்ள ஒவ்வொரு ஈராக்கியரும் ஓட்டுப் போட்டுத்தான் சட்டம் எழுதுவோரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சாரம். பிரெமர் எத்தனையோ தூது விட்டார், சிஸ்தானி ஒருமுறைகூட அவரைச் சந்திக்கவில்லை. 2004 ஜனவரியில் பஸ்ராவிலும் பாக்தாத்திலும் மக்கள் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தார்கள். அமெரிக்கத் திட்டம் மாறியது. 2005 ஜனவரி 30-ல் தேர்தல் நடந்தது. ஓட்டுப் போடுவது கடமை என்று அத்தனை பேரையும் சாவடிக்கு அனுப்பியவருக்கு அன்று ஓட்டு இல்லை. அவர் ஈராக் குடிமகன் இல்லையே!

வெளியார் என்ற முணுமுணுப்பே இல்லையா என்றால், இருந்தது. இன்னொரு ஷியா தலைவரான முக்ததா அல்-சதரின் ஆட்கள், அரபு ஈராக்கிய ரத்தம் எங்களுடையது என்பதை மறைமுகமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் நஜஃபின் வழக்கம் வேறு. அங்கே அறிவுக்குத்தான் மரியாதை, பிறந்த ஊருக்கு அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கிருந்த நான்கு பெரிய ஆயத்துல்லாக்களில் ஒருவர்தான் ஈராக்கில் பிறந்தவர். சிஸ்தானி ஈரான், இன்னொருவர் ஆப்கானிஸ்தான், நான்காமவர் பஷீர் அல்-நஜஃபி பிறந்தது நம் ஜலந்தரில்!

2014 ஜூனில் ஐ.எஸ். படை மோசுலைப் பிடித்தது. மூன்று நாளில் சிஸ்தானியின் அழைப்பு கர்பலாவில் ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) மேடையில் வாசிக்கப்பட்டது. ஷியாக்களே திரளுங்கள் என்று அதில் இல்லை. ஆயுதம் ஏந்தக்கூடிய குடிமக்கள் தங்கள் நாட்டைக் காக்கப் பாதுகாப்புப் படையில் சேருங்கள் என்றிருந்தது. குடிமகன் அல்லாதவர் குடிமக்களை அழைத்தார், லட்சக்கணக்கில் இளைஞர்கள் போனார்கள். சுன்னிகளைப் பற்றி அவர் ஷியாக்களிடம் சொன்னதாக ஒரு வாக்கு உண்டு: 'நம் சகோதரர்கள்' என்றுகூடச் சொல்லாதீர்கள், 'நாமே' என்று சொல்லுங்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பழைய சிவப்பு மை ஞாபகம் வந்தது.

கடைசியாக 2019. வேலை இல்லை, மின்சாரம் இல்லை, ஊழல் என்று இளைஞர்கள் எழுந்தார்கள். 'ஈரானே வெளியே போ' என்பது அவர்களுடைய முழக்கங்களில் ஒன்று. நவம்பர் 27 இரவு நஜஃபிலேயே ஈரான் தூதரக அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். அதே ஊரில், ஈரானில் பிறந்த சிஸ்தானியின் வீட்டுப் பக்கம் அந்தக் கோபம் திரும்பவில்லை. இரண்டே நாளில் அவருடைய ஜும்ஆ அறிக்கை, நாடாளுமன்றம் இந்த அரசுக்கான ஆதரவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. பிரதமர் அப்துல் மஹ்தி அன்றே ராஜினாமா செய்வதாக அறிவித்தார். பிறந்த நாட்டுக்காக அவர் எதையும் கேட்டதில்லை என்பதை அந்தப் பையன்கள் கவனித்திருந்தார்கள். வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கே: போப் பிரான்சிஸ் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாய்நாடான அர்ஜென்டினாவுக்குப் போகவில்லையே, ஏன்?
– வாசகி, பாளையங்கோட்டை

ப: அவர் தேர்வான ஐந்தாம் நாளே அர்ஜென்டினா ஜனாதிபதி கிறிஸ்டினா கிர்ச்னர் வத்திக்கானில் மதிய உணவு சாப்பிட்டுவிட்டு, இரு நாடும் உரிமை கோரும் பால்க்லாந்து தீவு விவகாரத்தில் எங்களுக்காகப் பிரிட்டனிடம் பேசுங்கள் என்று கேட்டார். நம்மவர் மேலே போனால் முதலில் வருவது இப்படியான விண்ணப்பம்தான். பிறகு ஒவ்வொரு கட்சியும் அவரோடு எடுத்த படத்துக்கு ஒரு அர்த்தம் கற்பித்தது. 2018-ல் சிலிக்குப் போகும் வழியில் அர்ஜென்டினாவுக்கு மேலே பறந்தார், வழக்கப்படி விமானத்திலிருந்து வாழ்த்துத் தந்தி அனுப்பினார், இறங்கவில்லை. காரணத்தை அவர் முழுமையாகச் சொன்னதில்லை. போனால் யாரோ ஒரு தரப்பு அவரைத் தேர்தல் சுவரொட்டி ஆக்கிவிடும் என்று அஞ்சினார் என்பது என் ஊகம். அவருக்காக வருடக்கணக்கில் காத்திருந்த புவெனஸ் ஐரிஸ் குடிசைப் பகுதி மக்களை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். 2025 ஏப்ரல் 21-ல் போகாமலேயே இறந்துவிட்டார்.

கே: அடுத்த தலாய் லாமா எங்கே பிறக்கிறார் என்பதில் சீனாவுக்கு ஏன் இத்தனை அக்கறை?
– வாசகர், பெங்களூரு

ப: ஒரு தலாய் லாமா இறந்தபின் அவருடைய மறுபிறவி என்று ஒரு குழந்தையைத் தேடிக் கண்டெடுப்பது திபெத்திய பௌத்த மரபு. அந்தக் குழந்தை திபெத்தியராகத்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. நான்காமவர் மங்கோலியர், அந்நாட்டு அரசன் அல்தான் கானின் கொள்ளுப்பேரன். அந்தப் பிறப்பால் மங்கோலியரின் படைபலம் தலாய் லாமாவின் மடப் பிரிவுக்குப் பின்னால் வந்து நின்றது. ஆறாமவர் பிறந்தது தவாங்கில், இன்றைய அருணாசலப் பிரதேசம். ஆகவே குழந்தை எல்லைக்கு எந்தப் பக்கம் கண்டெடுக்கப்படுகிறது என்பது பழைய காலத்திலிருந்தே அரசியல்தான். மறுபிறவிகளை அங்கீகரிக்க அரசின் ஒப்புதல் தேவை என்று 2007-ல் சீனா விதி போட்டது. தனக்கு அடுத்தவர் சீனாவுக்கு வெளியே, சுதந்திர உலகில் பிறப்பார் என்று இப்போதைய தலாய் லாமா 2025-ல் வந்த நூலில் எழுதினார். அடையாளம் காணும் அதிகாரம் தன் அறக்கட்டளைக்கு மட்டுமே என்று அதே ஆண்டு ஜூலை 2-ல் அறிவித்தார்.

அவர் ஏன் அவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதற்கு ஒரு சிறுவனின் கதை போதும். 1995 மே 14-ல் கெதுன் சோக்கி நீமா என்ற ஆறு வயதுப் பையனைப் பஞ்சன் லாமாவாக அவர் அறிவித்தார். தலாய் லாமாவின் மறுபிறவியை உறுதிசெய்வதில் பஞ்சன் லாமாவுக்கு மரபுப்படி பங்கு உண்டு. மூன்றாம் நாள் பையனையும் பெற்றோரையும் சீன அதிகாரிகள் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வேறொரு சிறுவனை அந்தப் பீடத்தில் அமர்த்தினார்கள். கெதுன் சாதாரணக் குடிமகனாக நலமாக இருக்கிறார் என்று சீன அரசு சொல்கிறது, வெளியார் யாரும் அவரைப் பார்த்ததில்லை. எங்கள் பழைய அலுவலகக் கோப்பில் இருந்த அவருடைய புகைப்படத்தை நான் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். சிவந்த கன்னம், ஒட்ட வெட்டிய முடி, கேமராவை நேராகப் பார்க்கும் கண். முப்பது வருஷமாக உலகத்திடம் இருப்பது அந்தச் சிறுவயது முகம் மட்டுமே.