காற்றுப் பம்பு ஓவியத்தையும் வெசூவியஸ் எரிமலை ஓவியங்களையும் வரைந்தது ஒரே ஜோசப் ரைட்தானா?

ஆமாம், இரண்டையும் வரைந்தவர் இங்கிலாந்தின் டெர்பி ஊர் ஓவியர் ஜோசப் ரைட்தான் (1734–1797). காற்றுப் பம்புச் சோதனை (கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பறவையை வைத்துக் காற்றை உறிஞ்சும் காட்சி) 1768-இல் வரைந்தது. வெசூவியஸை 1774-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் போனபோது பார்த்தார். அதன்பின் திரும்பத் திரும்ப அதையே வரைந்தார். அறைக்குள்ளிருந்து எரிமலைக்குத் தாவியதால்தான் வேறு ஆள் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பம்புப் படத்தில் விளக்கு மேஜைமேல் உள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கண்ணைப் பொத்திக்கொண்ட சிறுமியின் கைமேல் அந்த வெளிச்சம் விழுவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மனசு கனத்துவிடும். ஜன்னலில் நிலா. வெசூவியஸ் படங்கள் பலவற்றிலும் ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் நிலா.

ஒன்று மட்டும் கவனம்: அதே பெயரில் ஓர் அமெரிக்க ஓவியரும் உண்டு (1756–1793), ஜார்ஜ் வாஷிங்டனை வரைந்தவர். தேடும்போது ‘டெர்பி’ சேர்த்துத் தேடுங்கள்.