மாரிகோபா கவுன்டிக்குக் குடிவருகிறவர்கள் கேட்டவை

அரிசோனா மாநிலத்தின் மாரிகோபா கவுன்டிக்கு வேலை மாறி வருகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே மொத்தமாக விடை எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். வாடகை எவ்வளவு, வீடு என்ன விலை என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும் தொகைகள் அவை.

நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர்: பீனிக்ஸ் என்கிறார்கள், சாண்ட்லர் என்கிறார்கள், மாரிகோபா என்கிறார்கள். எல்லாம் ஒரே ஊர்தானா, அக்கா?

இல்லை. மாரிகோபா என்பது கவுன்டி, நம்மூர் மாவட்டம் போல. 2020 கணக்கெடுப்பின்படி 44 லட்சம் பேர் வாழ்கிறார்கள். மக்கள்தொகையில் அமெரிக்காவின் நான்காவது பெரிய கவுன்டி. அரிசோனா மக்களில் பாதிக்கு மேல் இதற்குள்தான் இருக்கிறார்கள். பரப்பு ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். பீனிக்ஸ், மேசா, சாண்ட்லர், கில்பர்ட், டெம்பி, ஸ்காட்ஸ்டேல், கிளெண்டேல், பியோரியா எல்லாம் இதற்குள் அடங்கிய தனித்தனி நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நகராட்சி, தனி விற்பனை வரி விகிதம். சொத்து மதிப்பீடு, வரி வசூல், நீதிமன்றம், தேர்தல், பொது சுகாதாரம் ஆகியவை கவுன்டியின் வேலை.

ஒரு பொறி இருக்கிறது. மாரிகோபா என்ற பெயரிலேயே ஒரு நகரமும் உண்டு. அது மாரிகோபா கவுன்டியில் இல்லை, தெற்கே பினால் கவுன்டியில் இருக்கிறது. வாடகை குறைவாக இருக்கிறதே என்று அங்கே ஒப்பந்தம் போட்டுவிட்டு, அலுவலகம் போக 347ஆம் சாலையில் வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். நம்மவர்கள் போகும் மகா கணபதி கோயிலும் அந்தப் பக்கம்தான். கோயிலுக்கு வாரம் ஒருமுறை போகலாம், அலுவலகத்துக்குத் தினமும் போக வேண்டும்.

ஓசூர்க்காரர், சிப் தொழிற்சாலைப் பொறியாளர்: எனக்கு டி.எஸ்.எம்.சி.யில் வேலை. நண்பர்கள் எல்லோரும் சாண்ட்லரில் வீடு எடு என்கிறார்கள். எடுக்கலாமா?

உங்கள் நண்பர்கள் பெரும்பாலும் இன்டெலில் வேலை பார்ப்பவர்களாக இருப்பார்கள். இன்டெலின் ஒகோட்டியோ வளாகம் சாண்ட்லரின் தென்கோடியில் இருக்கிறது. அதனால்தான் சாண்ட்லர், கில்பர்ட், டெம்பி பகுதிகளில் இந்தியக் குடும்பங்கள் பல்லாண்டுகளாகத் திரண்டிருக்கின்றன. மளிகைக் கடை, பாட்டு வகுப்பு, தமிழ்ப் பள்ளி எல்லாம் அங்கேதான் முளைத்தன. டி.எஸ்.எம்.சி. இருப்பது வட பீனிக்ஸில், ஐ-17 நெடுஞ்சாலையும் 303 சுற்றுச்சாலையும் சேரும் இடத்துக்கு அருகே. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 70 கி.மீ. காலை நெரிசலில் இந்தத் தூரத்தை நாள்தோறும் ஓட்டுவது ஆளைத் தின்றுவிடும். தொழிற்சாலையில் இரவு முறையும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நார்டெரா, டியர் வேலி, டெசர்ட் ரிட்ஜ், வட பியோரியா, ஆந்தம் ஆகிய பகுதிகளைப் பாருங்கள். இட்லி மாவுக்குச் சனிக்கிழமை தெற்கே வந்துவிட்டுப் போகலாம். இணையர் இருவரில் ஒருவருக்குத் தெற்கே வேலை, ஒருவருக்கு வடக்கே வேலை என்றால் டெம்பி அல்லது தென் ஸ்காட்ஸ்டேல் நடுநிலையானது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின் நிறுவனத்தை இங்கே நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. முகவரிதான் அதை முடிவு செய்கிறது. கிழக்கு நகரங்களில் பெரும்பாலும் எஸ்.ஆர்.பி., வடக்கிலும் மேற்கிலும் பெரும்பாலும் ஏ.பி.எஸ். பள்ளி மாவட்டமும், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் வட்டார அமைப்பும், முகவரியோடு வருவதுதான். அதன் எல்லையும் நகர எல்லையும் ஒன்றாக இருக்காது. ஒரே தெருவின் இரு பக்கமும் இரண்டு பள்ளி மாவட்டங்களில் விழுவதுண்டு. எனவே சமையலறை மேடையின் பளிங்கைப் பார்த்து மயங்கும் முன் முகவரியை இந்த மூன்றிலும் வைத்துப் பாருங்கள்: பயணத் தூரம், பள்ளி, மின்சாரம்.

வேலூர்க்காரர்: கத்திரி வெயிலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். பீனிக்ஸ் வெயில் என்னை என்ன செய்துவிடும்?

மே மாதத்தை நீங்கள் எளிதாகக் கடப்பீர்கள். பிறகு ஜூன் வரும், ஜூலை வரும், ஆகஸ்டு வரும், செப்டம்பரிலும் அது போகாது. 2023இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ந்து 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. அதாவது 43 செல்சியஸ். 2024இல் அந்த அளவைத் தொட்ட நாட்கள் 70. இதுவரை பதிவான உச்சம் 1990 ஜூன் 26 அன்று 122, அதாவது 50 செல்சியஸ். இரவானால் குளிரும் என்று பாலைவனத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தாரும் கான்கிரீட்டும் நிறைந்த நகரத்தின் நடுவில் ஜூலை இரவுகள் 32 செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் போவதுண்டு.

வேலூரில் சட்டை நனையும், உடம்பு எச்சரிக்கும். இங்கே வியர்வை சுரக்கும்போதே காய்ந்துவிடுவதால் எதுவும் ஆகவில்லை என்றே தோன்றும். தலை சுற்றும்போது நேரம் கடந்திருக்கும். 2023இல் மட்டும் இந்தக் கவுன்டியில் வெப்பம் தொடர்பான இறப்புகள் 645 என்று கவுன்டி பொது சுகாதாரத் துறை கணக்குக் காட்டியது. வீடற்றவர்களும் முதியவர்களும் அதில் அதிகம். வீட்டுக்குள் இறந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் வீட்டில் ஏ.சி. இருந்தது, ஓடவில்லை.

வெறுங்காலோடு தபால் பெட்டி வரை போகாதீர்கள். கோடையில் தார்ச் சாலையில் விழுந்து தோல் வெந்து தீக்காயப் பிரிவில் சேர்க்கப்படுவோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்தாலும் சூடான நீர்தான் வரும், குழந்தையைக் குளிப்பாட்டும் முன் கை வைத்துப் பாருங்கள். கார் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் உயிரை விடும். கேமல்பேக் மலைப் பாதையைக் கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் பகலில் மூடிவிடுகிறார்கள்; நம் இளைஞர்கள் அதற்கு முந்தைய நாள் நண்பகலில் ஏறுவார்கள். கிரிக்கெட்டா? அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆடுங்கள், அப்போது இதைவிட நல்ல தட்பவெப்பம் அமெரிக்காவில் கிடைப்பது அரிது.

முதன்முறை வாடகைக்கு வருபவர்: ஏ.சி. கெட்டுப்போனால் யார் பொறுப்பு? மின்கட்டணம் எவ்வளவு ஏறும்?

வீட்டுக்காரர் பொறுப்பு. பீனிக்ஸ் நகர விதிப்படி வாடகை வீட்டில் ஏ.சி. இருந்தால் அது அறையை 82 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குளிர்விக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் காணப்படும், நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர் கூலர் என்றால் 86. புகாரை எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. வீடு பார்க்கும்போதே ஏ.சி. இயந்திரத்தின் வயதைக் கேளுங்கள். அதைச் சொல்லத் தயங்கும் வீட்டுக்காரரிடம் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

கோடைக் கட்டணம் குளிர்காலத்தைப் போல் இரண்டு மடங்கு, சில வீடுகளில் அதற்கும் மேல். நேர அடிப்படைத் திட்டத்தில் மாலை நேர மின்சாரம்தான் விலை அதிகம், ஏ.பி.எஸ்.ஸில் வார நாட்களில் 4 மணி முதல் 7 மணி வரை. மதியமே வீட்டை நன்றாகக் குளிரவைத்துவிட்டு அந்த மூன்று மணி நேரம் ஏ.சி.யைச் சற்றுத் தளர்த்துங்கள். கிரைண்டரையும் துணி உலர்த்தியையும் இரவுக்குத் தள்ளுங்கள். மேற்கு பார்த்த பெரிய சன்னல் உள்ள வீட்டை மாலை 5 மணிக்குப் போய்ப் பாருங்கள், காலையில் காட்டத்தான் தரகர் விரும்புவார்.

சென்னைக்காரர்: தண்ணீர் தீர்ந்துபோகும் என்கிறார்களே. 2019 கோடையை மறக்காதவள் நான்.

அந்த அச்சம் நியாயமானது. ஆனால் இங்கே ஊருக்கு ஊர் நிலை வேறு. சால்ட், வெர்டே ஆறுகளின் நீர் அணைகளில் தேங்கிக் கால்வாய் வழியே வருகிறது. 1911இல் கட்டி முடித்த ரூஸ்வெல்ட் அணை அவற்றில் பெரியது. கொலராடோ ஆற்றிலிருந்து 540 கி.மீ. நீளக் கால்வாய் வேறு. கொலராடோவின் பங்கு 2022 முதல் குறைக்கப்பட்டிருக்கிறது. அதில் முதலில் அடிபட்டது பினால் கவுன்டி விவசாயம். பீனிக்ஸ், சாண்ட்லர், மேசா போன்ற நகரங்கள் பல மூலங்களை வைத்திருப்பதால் குழாயில் தண்ணீர் வரும்.

1980ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டப்படி, புதிய குடியிருப்பு மனைகளுக்கு நூறு ஆண்டுகளுக்கான நீர் உறுதி காட்ட வேண்டும். 2023 ஜூனில், நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதுத் திட்டங்களுக்கு இனி அந்தச் சான்று கிடையாது என்று மாநில அரசு அறிவித்தது. மேற்கு ஓரத்திலும் தென்கிழக்கு ஓரத்திலும் இது உறைத்தது. ஐந்து மனைகளுக்கு மிகாமல் பிரித்து விற்றால் அந்தச் சான்றே வேண்டாம் என்ற ஓட்டை ஒன்று இருந்தது. ஸ்காட்ஸ்டேலுக்கு வெளியே உள்ள ரியோ வெர்டே புட்ஹில்ஸில் பலர் அப்படி வாங்கிக் குடியேறி, லாரித் தண்ணீரில் வாழ்ந்தார்கள். 2023 ஜனவரி 1 அன்று ஸ்காட்ஸ்டேல் நகரம் லாரிகளுக்கு நீர் கொடுப்பதை நிறுத்தியபோது பெரிய வீடுகளில் இருந்தவர்கள் காகிதத் தட்டில் சாப்பிட்டார்கள். நகர எல்லைக்கு வெளியே, ஏக்கர் கணக்கில், விலை மலிவு என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி தண்ணீர் யார் தருகிறார்கள் என்பதாக இருக்கட்டும்.

இரண்டு குழந்தைகளின் தாய்: ஆகஸ்டு கடைசியில் வருகிறோம். பள்ளி?

அதற்குள் பள்ளி தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். சாண்ட்லர் போன்ற மாவட்டங்கள் ஜூலை கடைசியிலேயே திறந்துவிடுகின்றன. முடிந்தால் ஜூலை நடுவில் வாருங்கள். இங்கே வேறு மாவட்டப் பள்ளியிலும் இடமிருந்தால் சேர்க்கலாம், ஆனால் பேருந்து வராது. நீங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும். அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகள் கட்டணமில்லாதவை. அவ்வகையான பேசிஸ் பள்ளிகளில் நம் குழந்தைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். வீட்டுப்பாடம் மூச்சு முட்டும். மூத்த பிள்ளை அதில் மலர்வதும் இளைய பிள்ளை அதில் வாடுவதும் ஒரே வீட்டில் நடக்கும். பக்கத்து வீட்டாரின் தரவரிசையை நம்பிச் சேர்க்காதீர்கள், ஒரு நாள் போய் வகுப்பில் உட்காரவைத்துப் பாருங்கள்.

டாலசிலிருந்து: டெக்ஸாஸில் வருமான வரி இல்லை. அங்கே வந்தால் நஷ்டம்தானே?

அரிசோனாவின் வருமான வரி எல்லோருக்கும் ஒரே 2.5 சதவீதம். சொத்து வரி டெக்ஸாஸைவிடக் கணிசமாகக் குறைவு. வரிக்கான மதிப்பும் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு வாங்கினால் பெரும்பாலும் சரிக்குச் சரியாக முடியும். சாண்ட்லர் மளிகைக்கும் நகர வரி போடும், பீனிக்ஸ் போடாது.

நீரிழிவு உள்ளவர்: புழுதியால் ஏதோ காய்ச்சல் வருமாமே?

வேலி பீவர். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை, காற்றில் கிளம்பி நுரையீரலுக்குள் போகிறது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. பலருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். சிலருக்கு வாரக்கணக்கில் இருமல், காய்ச்சல், எழ முடியாத சோர்வு. நீரிழிவு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் கடுமையாகத் தாக்கக்கூடும். சாதாரண நிமோனியா என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குணமாகாவிட்டால், இதற்கான இரத்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். இங்கிருந்து ஊருக்குப் போய் அங்கே இருமல் பிடித்தால் அரிசோனாவில் வசித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள், எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தோன்றலாம்.

புழுதிப் புயல் கோடை மழைக்காலத்தில் சுவராக எழுந்து வரும். கார் ஓட்டும்போது மாட்டினால் சாலையை விட்டு முழுவதுமாக விலகி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நினைத்து உங்கள் மேல் வந்து மோதுவார்.

தேள் உண்டா?

உண்டு. புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும். இரவில் அந்த விளக்கைச் சுவரோரம் அடித்துப் பாருங்கள். செருப்பை உதறிப் போடுங்கள். கைக்குழந்தையைக் கொட்டினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கார் ஓட்டத் தெரியாதவர்: சமாளிக்கலாமா?

பீனிக்ஸ் நடுப்பகுதி, டெம்பி, மேசா வழியே இலகு ரயில் ஓடுகிறது. அதன் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு எடுத்தால் சமாளிக்கலாம். ஓட்டுநரே இல்லாத வேமோ காரும் கூப்பிட்டால் வரும். மற்ற இடங்களில் கோடையில் பஸ் நிறுத்தத்தில் நிற்பதே தண்டனை. பீனிக்ஸில் வழி கேட்கும்போது கவனம்: சென்ட்ரல் அவென்யூவுக்குக் கிழக்கே இருப்பவை எண்ணிட்ட ஸ்ட்ரீட்கள், மேற்கே இருப்பவை அவென்யூக்கள். 35ஆம் ஸ்ட்ரீட்டுக்குப் பதில் 35ஆம் அவென்யூவுக்குப் போனால் ஊரின் மறுபாதியில் நிற்பீர்கள்.

சான் ஹோசேயிலிருந்து: என் கறிவேப்பிலைச் செடியைக் கொண்டுவரலாமா? முருங்கை வளருமா?

முருங்கை இங்கே காடாக வளரும். உறைபனி விழுந்தால் கருகும், வேனிலில் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். குடியிருப்போர் சங்கம் உள்ள இடமென்றால் முன்புறம் நடும் முன் விதிகளைப் படியுங்கள். கறிவேப்பிலையை அங்கிருந்து ஏற்றிவராதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் கட்டுப்பாடு இருக்கிறது. இங்கேயே வாங்கி, பிற்பகல் நிழலில் வையுங்கள்.

திருச்சியில் பெற்றோர் இருக்கும் ஒருவர்: அவர்களை எப்போது அழைக்கலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரை. காலை நடைக்குப் போவார்கள், வெளியே உட்கார்ந்து காபி குடிப்பார்கள், நீங்கள் அலுவலகம் போனபின் கதவைத் திறந்துவைத்திருப்பார்கள். பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூனில் அழைத்தால் மூன்று மாதமும் நான்கு சுவருக்குள் தொலைக்காட்சிதான். இங்கே கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. இந்தியாவோடு வித்தியாசம் ஆண்டு முழுவதும் பன்னிரண்டரை மணி நேரம். உங்கள் காலை ஏழு மணி அவர்களுக்கு இரவு ஏழரை, இரவுச் சாப்பாட்டுக்கு முன் பேசிவிடலாம்.