62 புள்ளி செல்லுமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

விடுமுறைக்கு வந்த அக்கா மகனோடு, எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடினேன். எழுத்தின் புள்ளியை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் ‘இசட்’டை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் ‘இசட்-ஏ’ என்று வரச்செய்து 62 புள்ளி கேட்டான். பீட்சாவின் சுருக்கமாம். போனில், செல்லும் சொற்களின் பட்டியலையும் தேடிக் காட்டினான். நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. இப்படி ஒரு சொல்லை யார் வாயிலும் கேட்டதில்லை. செல்லாது என்றேன், பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விட்டான். நான் செய்தது சரிதானே? தமிழில் இப்படியொரு விளையாட்டு இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

ரேவதி, திருச்சி

அன்புள்ள ரேவதி,

62 புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். அந்தச் சொல் 2006 முதல் அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் இருக்கிறது.

‘யார் வாயிலும் கேட்டதில்லை’ என்கிறீர்கள். யாருடைய காது கேட்டிருக்க வேண்டும்? அந்தப் பலகையில் எதிராளியும் நீங்கள், நடுவரும் நீங்கள். ஒரு சொல் அரிதா இல்லையா என்பதை ஆடுபவர்களே முடிவுசெய்தால், யாருக்கு ஆங்கிலம் அதிகம் தெரியுமோ, யார் வயதில் மூத்தவரோ அவர் சொன்னதுதான் சட்டம். பட்டியல் என்று ஒன்று இருப்பதே சின்னவனும் பெரியவரை மறுத்துப் பேசுவதற்குத்தான்.

தாய்லாந்துக்காரரான பனுபோல் சுஜ்ஜயகோர்ன் 2003-இல் ஆங்கில ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றார். அவர் நாட்டுக்காரரான பகோர்ன் நெமித்ரமான்சுக் 2009-இல் வென்றார். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே பட்டியலை மனப்பாடம் செய்து 2015-இல் பிரெஞ்சுப் பட்டத்தைக் கொண்டுபோனார். பிரெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். உங்கள் விதிப்படி என்றால் அவரை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

போட்டிகளில், பட்டியலில் இல்லாத சொல்லையும் துணிந்து வைக்கலாம் என்பது இன்னும் வேடிக்கை. எதிராளி ஆட்சேபிக்காவிட்டால் புள்ளி வந்துவிடும். ஆட்சேபித்து, சொல் பட்டியலில் இருந்துவிட்டால் அமெரிக்க விதிப்படி ஆட்சேபித்தவர் தன் முறையை இழப்பார். ஆக, சொல்லின் செல்லுபடியே அங்கே ஆட்டத்தின் ஒரு பகுதி. மொழித் தூய்மைக்கு அங்கே வேலை இல்லை. அதே பட்டியலில் ‘தோசா’ ஒருமை, ‘தோசை’ அதன் பன்மை! நமக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் புள்ளி உண்டு.

இதனால் வீட்டிலும் போட்டிப் பட்டியலைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அலமாரியில் இருக்கும் பள்ளிக்கூட அகராதி போதும், ‘இசட்-ஏ’ தானாகக் கழன்றுவிடும். ஆனால் அதை முதல் சொல் விழுமுன் பேசியிருக்க வேண்டும். அவன் 62 எடுத்தபிறகு பேசினால் எந்தப் பையனும் எழுந்துதான் போவான்.

தமிழில் தொல்லை வராது என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு. நன்னூல் ஓரெழுத்து ஒருமொழி 42 என்கிறது. அதில் குறில் இரண்டு: ‘நொ’, ‘து’. ‘து’ என்றால் உண் என்று பொருள். விருந்தாளியிடம் சொல்லிப் பாருங்கள், துப்பினீர்கள் என்று நினைத்துக்கொள்வார். ‘இசட்-ஏ’வைத் தள்ளும் நீங்கள் பவணந்தி முனிவரை என்ன செய்வீர்கள்?

அரிய சொல்கூடப் பெரிய சிக்கல் இல்லை, தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியைத் திறந்தால் தீர்ந்துவிடும். ‘வா’ என்ற ஒரே வினையிலிருந்து வந்தான், வந்தவனுக்கு, வராதவர்களாலும், வந்திருக்கக்கூடாதாம் என்று கிளைத்துக்கொண்டே போகிறதே, அதற்கு எந்த அகராதி சாட்சி சொல்லும்? ஆங்கிலப் பட்டியல்காரர்கள் பன்மை, இறந்தகாலம் எல்லாவற்றையும் வரிசையாக அச்சடித்துவிடுகிறார்கள். தமிழில் அப்படி அச்சடிக்கக் கிளம்பினால் காகிதம் தாங்காது. எந்த வடிவம்வரை செல்லும் என்று ஆடுபவர்களே ஒரு வரம்பு கட்டியாக வேண்டும்.

பையனைச் சமாதானப்படுத்தி அடுத்த ஆட்டத்தைத் தமிழில் வையுங்கள். வேற்றுமை உருபு ஏறிய சொல் செல்லாது என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் எதிர்க்கட்சி.