மாநில உச்ச நீதிமன்றத்தில் நான் எழுந்து பேசலாமா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கிரீன் பேவுக்குக் கிழக்கே கிராமப்பகுதியில் வீடு வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். பக்கத்தில் உள்ள பெரிய மாட்டுப்பண்ணை, மாடுகளின் எண்ணிக்கையைக் கூட்ட பெர்மிட் கேட்டிருக்கிறது. இது மாநில உச்ச நீதிமன்றம் வரை போனால் விசாரணையில் நான் பேச முடியுமா? நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். இதே நீதிமன்றம்தான் தொகுதி எல்லைகளையும் மாற்ற வைத்ததாமே, ஓட்டு இல்லாத எனக்கு அதில் என்ன இருக்கிறது?"

முதல் கேள்விக்குப் பதில்: முடியாது. மாநிலத் தலைநகர் மேடிசனில் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் அந்த நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் அங்கே சாட்சிக்கூண்டு கிடையாது. வழக்கறிஞர்கள் பேசுவார்கள், ஏழு நீதிபதிகள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான். கீழே பதிவான சாட்சியத்தையும் ஆவணத்தையும் வைத்துச் சட்டக் கேள்வியை மட்டும் தீர்ப்பார்கள். அதனால் உங்கள் கிணற்றைப் பற்றி நீங்கள் சொல்ல வேண்டியது, வழக்கு அங்கே போய்ச் சேர்வதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எழுத்தில் ஏறியிருக்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. கிவானி கவுண்டியில் கின்னார்ட் ஃபார்ம்ஸ் என்ற பால்பண்ணை 2012இல் விரிவாக்கத்துக்கு பெர்மிட் வாங்கியது. அந்தப் பகுதியில் மேல்மண் ஆழம் குறைவு, அடியில் வெடிப்பு விழுந்த சுண்ணாம்புப் பாறை. வயலில் கொட்டும் சாணிக் குழம்பு, வடிகட்டப்படாமலே நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் மனுப் போட்டார்கள். 2014இல் சாட்சிகளைக் கேட்ட நிர்வாக நீதிபதி (அரசுத் துறைகளின் முடிவுகள் மீதான மனுக்களை விசாரிப்பவர்), அந்தக் கவுண்டியில் உள்ள லிங்கன் டவுனில் தனியார் கிணறுகளில் 50 சதவீதம் வரை மாசுபட்டிருப்பதைக் குறிப்பிட்டு, அரசின் கட்டுப்பாடு பெரிய அளவில் தோற்றுவிட்டது என்று எழுதினார். கண்காணிப்புக் கிணறுகள் குறைந்தது ஆறு வேண்டும், முடிந்தால் அதில் இரண்டு பண்ணைக்கு வெளியே, சம்மதிக்கும் அயலார் நிலத்தில் இருக்க வேண்டும், மாட்டு எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் வேண்டும் என்றார்.

பெர்மிட் கொடுக்கும் மாநில இயற்கை வளத்துறை பிறகு இந்த நிபந்தனைகளிலிருந்து பின்வாங்கியது. சட்டம் வெளிப்படையாக அனுமதிக்காத நிபந்தனையை எந்தத் துறையும் விதிக்கக் கூடாது என்று 2011இல் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. அதைக் காட்டி, தனக்கு அதிகாரமில்லை என்றது துறை. சட்டமன்றமும் வழக்கில் சேர்ந்துகொண்டு துறைக்கு அதிகாரம் இல்லை என்றே வாதாடியது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சட்டம் துறைக்குத் தந்திருக்கும் விரிந்த அதிகாரமே வெளிப்படையான அதிகாரம்தான், நிபந்தனை போடலாம் என்று தீர்த்தது. ஒன்பது வருட இழுபறி. ஆனால் நீதிபதிகள் எடுத்து வைத்துப் பேசிய கிணற்றுக் கதை 2014 விசாரணையில் ஊர்க்காரர்கள் சொன்னது. அன்று அவர்கள் வராமல் இருந்திருந்தால் 2021இல் பேச எதுவும் இருந்திருக்காது.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? வரைவு பெர்மிட்டைத் துறை அறிவித்ததும் பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் இருக்கும். அதற்குள் எழுதுங்கள், பொதுக் கூட்டம் வைக்கச் சொல்லியும் கேளுங்கள். பெர்மிட் கொடுத்த பிறகு அறிவிப்பு வந்ததிலிருந்து 60 நாளுக்குள் ஐந்து பேர் சேர்ந்து மறுஆய்வு மனு கொடுக்கலாம். எந்த நிபந்தனை போதாது, ஏன் போதாது என்று குறிப்பாக எழுத வேண்டும். பொதுவாக "பண்ணை வேண்டாம்" என்று எழுதினால் நிற்காது. சட்டம் இங்கே கேட்பது ஐந்து நபர்களை, ஐந்து வாக்காளர்களை அல்ல. விசா இதற்குத் தடையில்லை. மனுவை எழுதும்போது இந்த வேலை தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் பார்ப்பது அவசியம். 60 நாள் தாண்டினால் கெஞ்சியும் பயனில்லை.

அதற்கும் முன்னால் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள், இந்த வாரமே. நைட்ரேட், பாக்டீரியா இரண்டுக்கும். நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலக்கவே கூடாது. கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது, இன்னும் செறிவாகும். தனியார் கிணற்றை அரசு வந்து சோதிப்பதில்லை. விரிவாக்கத்துக்கு முந்தைய அளவு உங்கள் கையில் தேதியோடு இருந்தால்தான் பிந்தைய மாற்றத்தைக் காட்ட முடியும்.

இனி, மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளின் எல்லை பற்றிய வழக்கு. இது வேறு வழியில் போனது. கீழ் நீதிமன்றம் எதையும் தொடாமல், 2023 ஆகஸ்டில் நேரடியாக உச்ச நீதிமன்றத்திலேயே தாக்கலானது. விஸ்கான்சின் அரசமைப்பு, தொகுதி ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் நகரங்கள் பக்கத்து நிலத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டதில், மேடிசன் பக்கம் இருந்த 47ஆம் தொகுதி பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தனித் துண்டுகளாகக் கிடந்தது. 99 கீழவைத் தொகுதிகளில் குறைந்தது 50, 33 மேலவைத் தொகுதிகளில் குறைந்தது 20 இப்படி. நவம்பர் 21 அன்று வாதம், டிசம்பர் 22 அன்று 4-3 என்று தீர்ப்பு: பழைய வரைபடம் செல்லாது. வழக்குப் போட்டவர்கள் இரண்டு ஆண்டுக்கு முன்பே ஏன் வரவில்லை என்று சில நீதிபதிகள் வாதத்தில் காட்டமாகவே கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஆனாலும் அரசமைப்பில் எழுதியிருப்பதைக் காலதாமதம் அழித்துவிடாது என்பது என் கருத்து. 2024 பிப்ரவரியில் ஆளுநர் டோனி எவர்ஸ் புதிய வரைபடத்தில் கையெழுத்திட்டார். அந்த நவம்பர் தேர்தலில் கீழவையில் குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் இருந்த இடங்கள் 64-35 என்ற நிலையிலிருந்து 54-45 ஆயின. பெரும்பான்மை குடியரசுக் கட்சியிடமே இருந்தது, இடைவெளிதான் சுருங்கியது.

உங்களுக்கு இதில் என்ன? பெர்மிட்டில் துறை எந்த நிபந்தனை போடலாம் என்று எழுதுவது இந்தச் சட்டமன்றம்தான். 2011இல் துறையின் கையைக் கட்டப் பார்த்ததும் அதுவே. உங்களுக்கு ஓட்டு இல்லை, வாக்காளர் பட்டியலில் தவறிக்கூடப் பெயர் கொடுக்காதீர்கள், விசாவுக்கே ஆபத்து. ஆனால் தொகுதியின் அளவைக் கணக்கிடும்போது குடியுரிமை பார்க்காமல் உங்கள் வீட்டில் எல்லாரையும் எண்ணித்தான் பிரிக்கிறார்கள். உங்கள் பிரதிநிதி உங்களுக்கும் பிரதிநிதி. புதிய வரைபடத்தில் உங்கள் முகவரி எந்தத் தொகுதியில் விழுகிறது என்று பார்த்து, சோதனை முடிவின் நகலோடு அவருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். துறைக்கு அனுப்பும் கருத்திலும் அதே நகலை இணையுங்கள்.